வீட்டு மிஷினுக்கென்று கட்டிய குரல்

மேல் டிவிஷன் கோயில் மைக் வெள்ளையம்மாவின் வீட்டுச் சொத்து அல்ல. ஆனால் அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல அந்த ரப்பர் தோட்டத்தில் யாருக்கும் வாய் வந்ததில்லை. கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் வந்த நாள் முதல் அதில் பேசியவர்கள் அந்த வீட்டு ஆண்கள்தான். முதலில் மாமனார், பிறகு கணவர். திருவிழா அறிவிப்பு, சாவுச் செய்தி, பைப்பில் தண்ணீர் வராத சமாச்சாரம் எல்லாம் அந்த வீட்டுக் குரலில்தான் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போகும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால், "மண்ணு சரியுற மாதிரி இருக்கு, பிள்ளைகள தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்கு வாங்க" என்று கூப்பிட்டதும் அதே குரல்தான். அந்தக் குரல் கூப்பிட்டால், அடுப்பில் சோறு இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு ஜனம் புறப்பட்டுவிடும்.

கணவர் போன வருஷம் கண்ணை மூடினார். மகன் நிரோஷன் கட்டாரில் இருந்தான். வீட்டில் மிஞ்சியது வெள்ளையம்மாவும் மருமகள் சுதர்ஷினியும். மைக் கோயில் அலுமாரியில் துணி சுற்றிக் கிடந்தது.

வெள்ளையம்மா, வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயம்மாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த டிவிஷனில் இன்று தேயிலைக் கொழுந்தும் ரப்பர் பாலும் எடுக்கிறவர்களில் பாதிப் பேர் அவர் தொட்டிலாட்டித் தூங்க வைத்தவர்கள். தண்ணீர் பைப்புக்குப் போனாலும் அயர்ன் செய்த சேலையோடுதான் போவார். மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். யாரிடமும் ஒரு கரண்டி சீனி கடன் கேட்டதில்லை என்பதைத் தன் வாயால் சொல்ல மாட்டார். பிறர் சொன்னால் மறுக்கவும் மாட்டார்.

மழைக்காலத்துக்கு முன்னே ஒரு மாலை, கோயில் தலைவர் அழகமுத்து தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்தார்.

"மதினி, மருமக கமிட்டியில ஒரு விஷயம் சொன்னிச்சு. மழ எச்சரிக்கையெல்லாம் இப்ப போனுக்கு எழுத்தாத்தான் வருதாம். அத லெப்டொப்பே தமிழ்ல சத்தமா வாசிக்குமாம். ஸ்பீக்கர்ல குடுத்தா லயம் பூரா கேக்குமாம். மெய்தானா?"

"எங்க வீட்டுப் புள்ள சொன்னா மெய்யாத்தான் இருக்கும்" என்றார் வெள்ளையம்மா.

"அப்ப ஞாயித்துக்கிழம கொடியேத்தத்துக்கு பேச வச்சிருங்க. முடியாட்டி இப்பவே சொல்லுங்க, தப்பில்ல. கீழ் டிவிஷன் அஜந்தன் கையில மைக்க குடுத்துருவோம். சவுண்ட் செட்டும் அவனோடதுதானே. மழ வர்ற நேரத்துல கூப்பிட ஒரு ஆளு வேணுமில்ல?"

வெள்ளையம்மா எழுந்து, முந்தானையைச் சரிசெய்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கினார். அந்த வீட்டில் வாங்கிய வெற்றிலை திரும்பிப் போனதில்லை.

சுதர்ஷினி தெஹியோவிட்டையில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். அவளுடைய லெப்டொப் அவளுக்குக் கல்யாணம் ஆகும் முன்பே பழையதாகிவிட்டது. நாலு ஜிபி மெமரி. பெட்டரி செத்துப்போனதால் பிளக்கில் செருகியிருக்கும் வரைதான் உயிர். அதில் லினக்ஸ் போட்டிருந்ததால்தான் இன்னும் ஓடுகிறது என்பாள். எழுத்தைக் குரலாக்கும் நிரல் ஒன்று இலவசமாகக் கிடைத்தது. ஆனால் அதை அப்படியே இறக்கி ஓட்ட முடியாது. மனிதர் எழுதிய நிரலை மிஷினுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்ற வேண்டும். அதற்குத்தான் கம்பைலர். அந்தக் கம்பைலரிடம் எப்படி மாற்ற வேண்டும் என்று நாம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அவள் முதலில் ஒன்றும் சொல்லாமல் மாற்றிப் பார்த்தாள். குரல் வந்தது. ஆனால் ஒரு வசனம் பேசுவதற்குள் வெள்ளையம்மா வெற்றிலையை மடித்து, மென்று, துப்பிவிட்டும் வந்துவிட்டார்.

"மழைக்கு இது சொல்லி முடிக்கிறதுக்குள்ள மண்ணே வந்து சொல்லிரும்" என்றார்.

"இது ஒண்ணும் சொல்லாம மாத்தினது அத்தை. வேகமா ஓடுற மாதிரி மாத்தச் சொல்லணும்" என்று சுதர்ஷினி திரையைக் காட்டினாள். "இங்க -O2ன்னு போட்டா நிதானமா யோசிச்சு மாத்தும். -O3ன்னு போட்டா வேகத்துக்காக இன்னும் பாடுபடும், ஆனா பைல் பெருத்துப்போகும். நம்மள மாதிரி மெமரி கொஞ்சமா உள்ள மிஷினுக்கு ரெண்டே போதும். சில நேரம் மூண விட ரெண்டுதான் வேகமாவும் ஓடும்."

"மூணுன்னு ஒண்ணு இருக்கையில ரெண்டுல நிக்கிறதா? கமிட்டிக்காரங்க கேட்டா என்ன சொல்லுறது? மூணையே போடு."

சுதர்ஷினி லேசாகச் சிரித்தாள். மூன்றைப் போட்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு அத்தை. இந்த மிஷினுக்குள்ள இருக்கிற ப்ராசஸருக்கு என்னென்ன வித்த தெரியும்னு பாத்து, அதுக்குன்னே கட்டலாம். உடம்புக்கு அளவெடுத்து சட்ட தைக்கிற மாதிரி. -march=nativeன்னு போடணும். வேகமா ஓடும். ஆனா அந்த வித்த தெரியாத வேற மிஷின்ல வச்சா ஓடாது. இல்லாட்டி எல்லாத்துக்கும் பொதுவா கட்டலாம். கொஞ்சம் மெதுவு. பொதுவா கட்டுறதுதான் நல்லதுன்னு நெனைக்கிறேன்."

"ஏன்? கண்ட மிஷின்லயும் ஓட அது என்ன டவுன் பஸ்ஸா?" வெள்ளையம்மாவின் முதுகு நாற்காலியில் சாயாமல் நிமிர்ந்தது. "வெத்தில வாங்கினது நம்ம வீடு. நம்ம வீட்டுல செய்யுறத நம்ம வீட்டுக்குன்னே செய்."

சுதர்ஷினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மாமியார் முகத்தைப் பார்த்துவிட்டு விசைப்பலகையைப் பார்த்தாள்.

மறுநாள் பஸ்ஸுக்கு நின்றபோது, யட்டியாந்தோட்டை பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பளீல் விஷயம் கேள்விப்பட்டு அவளிடம் வந்தார். "டீச்சர், அந்தச் சின்ன மிஷின வச்சிக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க? எங்கட கடையில எட்டு கோர் மிஷின் ஒண்டு ஈக்கிது. கொண்டு வாங்க, நீங்க டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள கட்டிரும்."

அதை வீட்டில் சொன்னபோது வெள்ளையம்மா கேட்டது ஒன்றுதான். "வெத்தில அவருக்கா வச்சாங்க?"

ஆகவே சுதர்ஷினி பள்ளிக்கு இரண்டு நாள் லீவு போட, வேலை வீட்டு மிஷினிலேயே நடந்தது. ஒரே நேரத்தில் நாலு பைல்களைக் கட்டச் சொன்னதும் மெமரி நிரம்பி, மிஷின் மூச்சு முட்டி நின்றது. பிறகு சுதர்ஷினி ஒவ்வொன்றாகக் கட்டச் சொல்லிவிட்டுத் துணி துவைக்கப் போனாள். லயத்து ஜனமெல்லாம் மலைக்கு வேலைக்குப் போயிருந்த பகல்களில் அது அமைதியாக நடந்து முடிந்தது. முடிவில் குரல் பளிச்சென்று பேசியது. எழுதிக் கை எடுக்கும் முன் வார்த்தை வந்து விழுந்தது. வெள்ளையம்மா அதைத் திரும்பத் திரும்பப் பேச வைத்துக் கேட்டார். மெட்ராஸ்காரி மாதிரி கொஞ்சம் இழுக்கிறாள் என்பதைத் தவிர அவருக்குக் குறை தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை கோயிலில் ஒத்திகை. அங்கே போன பிறகுதான் ஒரு சங்கடம் வெளியே வந்தது. சுதர்ஷினியின் லெப்டொப் தினமும் அவளோடு பள்ளிக்கூடம் போகிறது. பகலில் மழை வந்தால் கோயிலில் யார் பேசுவது?

"என்னோட மிஷின் இங்கயேதான் கிடக்குது" என்றான் அஜந்தன். கோயிலில் பாட்டுப் போட அவன் விட்டுவைத்திருக்கும் லெப்டொப் அது. மூடி உடைந்து, ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தான். "பாட்டு போடுற நேரம் போக மத்த நேரமெல்லாம் சும்மாதான். இதுல ஏத்திக்கங்க டீச்சர். இதுலயும் லினக்ஸ்தான்."

கமிட்டிக்கு அது சரியாகப் பட்டது. வெள்ளையம்மாவுக்குப் படவில்லை. அந்தக் குரல் தன் வீட்டு மிஷினிலிருந்து வரும் என்றுதான் அவர் மனதில் ஒரு படம் வைத்திருந்தார். ஆனால் பள்ளிக்கூட வேலையை நிறுத்து என்று மருமகளிடம் சொல்ல முடியுமா? 

சுதர்ஷினி நிரலை அதில் ஏற்றி, ஒரு வசனம் எழுதி, என்டர் தட்டினாள். குரல் வரவில்லை. திரையில் Illegal instruction என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது. மறுபடி தட்டினாள். மறுபடி அதே வரி.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றார் அழகமுத்து.

"சட்டவிரோதமான கட்டளையாம் மாமா" என்று அஜந்தன் முந்திக்கொண்டான். "பெரியம்மா, உங்க வீட்டு புரோகிராம் என் மிஷின்ல ஏறி சட்டத்த மீறுது. பொலிஸுக்கு சொல்லட்டுமா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவன் கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஆனாலும் வெள்ளையம்மாவின் காது சுட்டது.

"அஜந்தன் மிஷின் ப்ராசஸருக்கு தெரியாத கட்டளை ஒண்ணு உள்ள போயிருச்சு மாமா" என்றாள் சுதர்ஷினி. அவள் தலை குனிந்திருந்தது. "எங்க மிஷினுக்குன்னே கட்டினதால வந்தது. என்னோட கவனக்குறைவுதான்."

அழகமுத்து பெருமூச்சு விட்டார். "நாளைக்கு ஒரு நாள்தான் இருக்கு. முடியாட்டி விட்டுருவோம் மதினி. சின்னப் புள்ள, தெரியாம செஞ்சிருச்சு. மைக்க அஜந்தன்..."

வெள்ளையம்மா எழுந்தார். பாயில் உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள்.

"அவ தெரியாம செய்யல்ல. பொதுவா கட்டுவோம்னு அவ சொன்னா. வேணாம், நம்ம வீட்டுக்குன்னே கட்டுன்னு சொன்னது நான். அவளுக்கு அதுல பங்கில்ல." குரல் கொஞ்சமும் தாழவில்லை. "ஞாயித்துக்கிழம காலையில இந்த மிஷின் பேசும். பேசாட்டி நானே மைக்க எடுத்து அஜந்தன் கையில குடுப்பேன். நீங்க குடுக்க வேணாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஓடைப் பாலத்துக்குக் கிட்ட வந்ததும் சுதர்ஷினி கேட்டாள்.

"ஏன் அத்தை அப்படி சொன்னீங்க? நான் சமாளிச்சிருப்பேன்."

"எங்க வீட்டு ஆளு செய்யாத தப்புக்கு தல குனிஞ்சு நிக்கிறத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது." பாலத்தைத் தாண்டியபின் மெல்லச் சொன்னார்: "ரெண்டையே போடு. எல்லாத்துக்கும் பொதுவாவே கட்டு."

சனிக்கிழமை காலை சுதர்ஷினி பழையதை எல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பித்தாள். இந்த முறை -O2. எந்தப் பழைய மிஷினுக்கும் புரிகிற பொதுவான கட்டளைகள் மட்டும். ஒவ்வொரு பைலாக. அடியில் காற்றுப் போகட்டும் என்று லெப்டொப்பை இரண்டு மரக்கட்டைகளின் மேல் வைத்தாள்.

"பொழுது சாயுற வரைக்கும் ஓடும் அத்தை. கரண்ட் போனா பாதியிலேர்ந்து திரும்பத் தொடங்கலாம். ஆனா கடைசியில எல்லாத்தையும் ஒண்ணா சேக்குற நேரம் போனா அந்த சேக்குற வேல மொதல்லேர்ந்துதான். நேரம் பத்தாது."

அப்போதுதான் வெள்ளையம்மாவுக்கு இன்று என்ன நாள் என்பது உறைத்தது. நாளை கொடியேற்றம். லயம் முழுக்க இன்று துணி அயர்ன் பண்ணும். வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் வருவது ஒரே வயர். இரண்டு அயர்ன் ஒன்றாகச் செருகினால் லயத்தின் தலைமாட்டில் இருக்கும் பியூஸ் போய்விடும். கடந்த பகல்களில் எல்லோரும் மலையில் இருந்ததால் அந்த நினைப்பே வரவில்லை.

அவர் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினார். வரிசைக் கடைசியில் இருக்கும் தொங்கல் வீடு வரை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். கேட்டார். கேட்பது அவருக்குப் பழக்கமில்லை. அதனால் முதல் வீட்டில் அது உத்தரவு மாதிரி வெளியே வந்தது. இரண்டாம் வீட்டில் கொஞ்சம் இளகியது. பிள்ளைக்காம்பராவில் வளர்ந்தவர்கள் "சரிங்க ஆயம்மா" என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். தொங்கல் வீடு பிரேமலதாவுடையது. ஒரு சாவு வீட்டில் யார் முதலில் உட்காருவது என்பதில் ஆரம்பித்து, இரண்டு வீடும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது.

பிரேமலதா அயர்ன் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

"அடேங்கப்பா. வழி தப்பி வந்துட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் வந்தேன். இன்னிக்கு பொழுது சாயுற வரைக்கும் அயர்ன் போடாம இருக்கணும். மழைக்கு பேசுற மிஷின் வேல நடக்குது. பியூஸ் போனா எல்லாம் கெட்டுரும்."

"கேள்விப்பட்டேன். நேத்து கோயில்ல நடந்ததையும் கேள்விப்பட்டேன்." பிரேமலதா கதவில் சாய்ந்தாள். "பொழுது சாஞ்சா எல்லாரும் ஒண்ணா செருகுவாங்க, அப்பயும் பியூஸ் போகும். அப்ப நாங்க நாளைக்கு கசங்கின சேலையோடயா கோயிலுக்கு வரணும்?"

"நானும் கசங்கின சேலையோடதான் வருவேன்."

பிரேமலதா அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தடவை பார்த்தாள். இன்றைய சேலையிலும் மடிப்பு கத்தி மாதிரிதான் நின்றது.

"நீங்களா?"

"நான்தான்."

"இதுக்குன்னே என் சேலைய தண்ணியில முக்கிப் புழிஞ்சு கட்டிக்கிட்டு வருவேன்" என்று சொல்லி அயர்ன் பெட்டியின் வயரை அதன் மேலேயே சுற்றினாள். "உள்ள வந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்க. வெயில் ஏறுது."

வெள்ளையம்மா செருப்பைக் கழற்றினார். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

அன்று முழுதும் அவர் பிளக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். திரையில் வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிப்போயின. சில வரிகள் சட்டென்று போகும். சில இடத்தில் நின்றுவிடும். நிற்கும்போதெல்லாம் அவர் மருமகளைப் பார்ப்பார். "ஓடுது அத்தை, பெரிய பைல்" என்பாள் அவள். மத்தியானம் மழை தூறியது. ரப்பர் இலையில் விழுந்து தகரத்தில் விழுந்து ஓய்ந்தது. யார் வீட்டிலும் ரேடியோகூடப் பாடவில்லை. அயர்ன் மட்டும் போடாதீர்கள் என்றுதான் கேட்டிருந்தார். அவர்கள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டிருந்தார்கள்.

கடைசிக் கட்டம் வந்தபோது மிஷினின் விசிறி இரைந்தது. திரை அசையாமல் நின்றது. சுதர்ஷினி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். விளக்கு ஒரு முறை மங்கித் தெளிந்தது.  சாமி விளக்கேற்றுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாக வரி முடிந்து, காத்திருக்கும் குறி கண் சிமிட்டியது.

"முடிஞ்சிருச்சு" என்றாள்.

வெள்ளையம்மா எழுந்து வாசலுக்குப் போனார். வரிசை முழுக்க அவரவர் வாசலில் ஆட்கள் நின்றார்கள். அவர் தலையை ஒரு தடவை ஆட்டினார். அடுத்த நிமிஷம் தொங்கலில் யாரோ அயர்ன் செருக, இன்னொருவரும் செருக, லயம் முழுக்க இருட்டாகியது. பியூஸ் போய்விட்டது. சிரிப்புச் சத்தம் வீட்டுக்கு வீடு தாவிப் போனது.

அதனால் ஞாயிற்றுக்கிழமை காலை மேல் டிவிஷன் முழுவதும் கசங்கிய துணியில் கோயிலுக்கு வந்தது. வெள்ளையம்மாவும் அப்படியே வந்தார். பிரேமலதா அவர் பக்கத்தில் வந்து நின்று, சேலையைப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சந்தோஷப்பட்டாள்.

"என்னாது, எல்லாரும் ஒரே சாக்குக்குள்ள படுத்து எந்திரிச்சு வந்த மாதிரி இருக்கு?" என்றான் அஜந்தன். பிறகு ரப்பர் வளையத்தைக் கழற்றித் தன் லெப்டொப்பைத் திறந்தான். "சரி டீச்சர், நம்ம கிழட்டு மிஷினப் பேச வைங்க."

சுதர்ஷினி நிரலை ஏற்றினாள். அன்று காலை போனுக்கு வந்திருந்த மழைச் செய்தியைக் கொடுத்து என்டர் தட்டினாள். உடனே எதுவும் வரவில்லை. அழகமுத்து வெள்ளையம்மாவைப் பார்த்தார். வெள்ளையம்மா ஸ்பீக்கரைப் பார்த்தார். ஒருவர் பேசும் முன் தொண்டையைச் செருமிக்கொள்கிற அளவு நேரம் போனது.

பிறகு குரல் எழுந்தது. மாலை இடியோடு மழை பெய்யலாம், மலைச்சரிவில் இருப்பவர்கள் கவனமாக இருக்கவும் என்று நிதானமாக, ஒரு சொல்லும் விழுங்காமல் வாசித்தது. செய்தியில் வந்த தெஹியோவிட்டை என்ற ஊர்ப் பெயரை மட்டும் எங்கோ கொண்டுபோய் முறித்தது. பிள்ளைகள் அந்தச் சொல்லை அதே மாதிரி சொல்லிக் கத்தினார்கள். பெரியவர்கள் சிரிக்கவில்லை. அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்கள்.

அழகமுத்து அலுமாரியிலிருந்து மைக்கை எடுத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, வெள்ளையம்மாவிடம் நீட்டினார். கொடியேற்றத்தை அறிவிக்க வேண்டும். அவர் அதை வாங்கி, ஒரு நிமிஷம் கையில் வைத்திருந்துவிட்டு, மருமகளிடம் கொடுத்தார். சுதர்ஷினி முதல் வசனத்தில் தடுமாறினாள். இரண்டாவதில் சரியாகிவிட்டாள்.

பூசை முடிந்து ஜனம் கலைகிற நேரம், அஜந்தன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு வந்து நின்றான். பக்கத்துக் கடையில் அவசரமாக வாங்கியது, பாக்கு இன்னும் கடதாசிக்குள்ளேயே இருந்தது.

"பெரியம்மா, எங்க கீழ் டிவிஷனுக்கும் இது வேணும். அங்கயும் ஒரு மிஷின் இருக்கு. என்னோடத விட பழசு. அதுல ஓடுமா?"

வெள்ளையம்மா தட்டைப் பார்த்தார். கையை நீட்டவில்லை.

"என்கிட்ட ஏன் நீட்டுற? அவகிட்ட குடு" என்றார்.

சுதர்ஷினி முந்தானையைச் சரிசெய்துகொண்டு இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள்.

"ஓடும்" என்றாள்.